அலுமாரிச் சாவி

"சேர், நீங்கள் அமிலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்களா, என்னை நினைத்தா?"

நியோபியம் என்ற உலோகத்தின் நகத்தளவு தகடொன்றை அமிலத்தில் மெருகூட்ட அலுமாரிச் சாவியைக் கேட்ட மாணவி அவள். நான் மறுத்தபோது குரலை உயர்த்தாமல்தான் இப்படிக் கேட்டாள். நான் "விதி அப்படி" என்றேன். அப்படியொரு விதி எழுத்தில் எங்கும் இல்லை. அமில அலுமாரியின் சாவி தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம், அதாவது என்னிடம், இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

அவள் கேட்டதில் குற்றம் காண முடியாது. துகள் முடுக்கிகளில் துகள்களுக்கு வேகம் கொடுக்கும் நியோபியக் கலன்களை ஏறத்தாழ 2 கெல்வினுக்குக் குளிர்விக்கிறார்கள். மின்தடை ஏறத்தாழ இல்லாமல் போகும் அந்த மீகடத்து நிலையில் மின்னோட்டம் உட்சுவரின் மேல் சில பத்து நனோமீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடும். தகட்டை உருட்டி, அழுத்தி வடிவம் கொடுக்கும்போது சிதைந்துபோன படை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே 100 முதல் 150 மைக்ரோமீற்றர் வரை கரைத்து எடுக்கிறார்கள். ஐதரோபுளோரிக், நைத்திரிக், பொசுபோரிக் அமிலங்கள், 1:1:2. மின்முறையில் மெருகூட்டினாலும் சல்பூரிக்கோடு அந்த ஐதரோபுளோரிக்தான் சேரும். ஹம்பர்க்கில் உள்ள முடுக்கியின் ஏறக்குறைய 800 கலன்களும் அதில் குளித்தவையே. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். கலவை 15 பாகைக்கு மேல் சூடானால் உலோகம் ஐதரசனை உறிஞ்சிவிடும் என்று சொல்லிவிட்டு, "நுவரெலியாவில் ஆய்வுகூடம் இருந்தால் தை மாதத்தில் ஐஸ் கூட வேண்டாம், சேர்" என்றாள். தாக்கமே வெப்பத்தைக் கக்கும் என்று நான் திருத்தினேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

என் பக்கமும் உண்டு. ஐதரோபுளோரிக் அமிலம் மற்றவை போல உடனே சுடாது. ஐதான கரைசல் பட்டால் மணிக்கணக்கில் வலியே தெரியாமல் போகலாம். அதற்குள் அது தசைக்குள் இறங்கிக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இதயமே நிற்கும். பூசுவதற்குக் கல்சியம் குளுக்கோனேற்றுக் களி எங்களிடம் இல்லை. புகையை இழுக்கும் பெட்டியின் விசிறியோ, சத்தம் மட்டும் போடும்.

காரணம் இவ்வளவுதான் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவளுடைய அம்மா ஹட்டன் பக்கத்தில் கொழுந்து பறிக்கிறார். நானும் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன். ஏதாவது நடந்தால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். கொழும்பிலிருந்து வந்த பையன் கேட்டிருந்தால் களியைப் பற்றி மட்டும் யோசித்திருப்பேனோ? அக்கறை என்ற பெயரில் அவளை மட்டும் சின்னப் பிள்ளையாக்கிவிட்டேனோ? இல்லை, களி இல்லாத இடத்தில் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அந்த நகத்தளவு தகட்டை மணல்தாளிலும் அலுமினாத் தூளிலும் தேய்த்தாள். நுணுக்குக்காட்டியில் பளபளப்பாகத்தான் தெரிந்தது. தேய்ப்பு தன் பங்குக்கு ஒரு சிதைவைச் செய்யும், தூளும் உலோகத்துக்குள் பதியும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆய்வை அவள் வாசித்தளித்த நாளில், இரசாயன முறையை ஏன் விட்டீர்கள் என்று பரீட்சகர் கேட்டார். "வசதி இருக்கவில்லை" என்றாள். போத்தல் அலுமாரியில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். என் பெயரை அவள் எடுக்கவில்லை. காப்பாற்றினாளா, கணக்கில் வைத்தாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வருடம் களிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து சேர்ந்தால் சாவியைக் கொடுப்பீர்களா என்று புதிய மாணவன் ஒருவன் கேட்டான். விசிறியைப் போட்டுக் காட்டினேன்.