முதல் பத்து பீஸ்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். அலுமினிய வார்ப்புகளில் துளை போட்டு, மரை வெட்டி அனுப்பும் கம்பெனி. மெஷின் நின்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். போய் ஓட வைப்போம், லாக் புக்கில் கையெழுத்துப் போடுவோம், அடுத்த மெஷினுக்குப் போவோம். பல வருடங்கள் இப்படித்தான் ஓடின. அந்தக் கையெழுத்தை நான் போடும் விதம் மாறியதற்குக் காரணம் கொரட்டூரில் என் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய யமஹா ஆர்15.

2010 மாடல், முதல் தலைமுறை வண்டி. 149.8 சிசி, திரவக் குளிர்விப்பு, ஃபியூயல் இன்ஜெக்ஷன், 6 கியர். பின்னால் ஒல்லியான 100/80 டயர். செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். முதல் ஒன்றரை வருடம் சர்வீஸ் சென்டரில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தேனே தவிர, ஸ்பேனர் எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போனதே இல்லை. நாள் முழுக்கச் செய்யும் வேலையை வீட்டிலும் செய்வானேன் என்ற எண்ணம்.

2015 டிசம்பர் வெள்ளம் அதை மாற்றியது. கொரட்டூரில் எங்கள் தெருவில் வண்டியின் சீட் வரை தண்ணீர். தொழிற்பேட்டைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. வடிந்த பிறகு நாங்கள் கம்பெனியில் செய்த முதல் வேலை, எல்லா மெஷினுக்கும் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட்டது. நனைந்த மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, சூட்டடுப்பில் உலர்த்தி, மெக்கர் என்ற மீட்டர் வைத்து, கரண்ட் கசியாமல் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்த்தோம். அளவு சரியாக வரும் வரை எதற்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஃபோர்மேன் அண்ணன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆர்டர் தாமதமாகிறது என்று மேலிருந்து எத்தனையோ போன் வந்தும் அவர் அசையவில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்தால், தெருவில் ஆளாளுக்கு வண்டியைத் துடைத்துவிட்டு செல்ஃப் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதறியது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. அமுக்கப் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தெரிந்தவர்களிடமெல்லாம் ஓடிப்போய், "அண்ணே, வேணாம், முதல்ல பிளக்கைக் கழட்டுங்க" என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள்.

என் வண்டியில் முதலில் பேட்டரி டெர்மினலை எடுத்தேன். பிளக்கைக் கழற்றி, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஆறாவது கியரில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பிளக் துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் வந்தது. ஆயில் வடித்தால் பால் காபி நிறம். டேங்கை முழுக்கக் காலி செய்தேன். கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்துக் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்டேன். மூன்று தடவை ஆயில் மாற்றினேன். மூன்றாவது ஆயில் நிறம் மாறாமல் நின்ற பிறகுதான் நிம்மதியாக ஓட்ட ஆரம்பித்தேன். வண்டி பிழைத்ததில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் கற்றதை அப்படியே செய்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வண்டிக்கு என்றாகிவிட்டன. வெள்ளத்தில் ஊறிய வீல் பேரிங், ஹேண்டில்பார் திரும்பும் கோன் செட், துருப்பிடித்த போல்ட் என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. உடைந்த ஃபேரிங் பேனல் ஒன்று புதுப்பேட்டையில் நல்ல நிலையில் கிடைத்தது. நிறம் மட்டும் வேறு. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

மேம்படுத்துவது என்றால் நிறையப் பேர் முதலில் அகலமான பின் டயரில் கை வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒல்லியான அதே ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் பக்கங்கள் உள்ளே இழுபட்டு, நடு முதுகு கூம்பிவிடும். வளைவில் சாய்க்கும்போது வண்டி இயல்பாக விழாது. நான் கம்பெனி கொடுத்த அளவையே நல்ல ரப்பரில் வாங்கினேன். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. கடையில் மூன்று வருடம் கிடந்த டயர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். ஆயிலிலும் இதே கவனம் வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த பொருளால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில், இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று காட்டும் ஜாசோ எம்ஏ தரக்குறி இருக்க வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2010 வண்டியின் ரப்பர்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல. அதனால் பெட்ரோல் ஹோஸை மாற்றிவிட்டேன். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தோடு வரும், கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ் ஆகாது.

சரி, சொல்ல வந்தது பிரேக்கைப் பற்றி.

2018-இல் ஒரு வியாழக்கிழமை மாலை. கம்பெனியில் ஒரு டிரில்லிங் மெஷினில், துளை போடும்போது வார்ப்பை ஆயில் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிளாம்ப்பின் ஹோஸ் வெடித்துவிட்டது. ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் நிற்கிறார். புது ஹோஸ் போட்டேன். பம்ப்பை ஓடவிட்டேன். கேஜில் அழுத்தம் சரியாகக் காட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் முன் பிரேக் ஹோஸை மாற்றினேன். பழைய ரப்பர் ஹோஸ் பிடிக்கும்போதெல்லாம் லேசாக உப்பியது. அதற்குப் பதில் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ். இரண்டு முனையிலும் புதுச் செம்பு வாஷர். டாட் 4 பிரேக் ஆயில். லிவரை அமுக்கிப் பிடித்து, சக்கரத்தின் பக்கம் இருக்கும் காலிபரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, மூடி, லிவரை விட்டு, மறுபடி அமுக்கி, குமிழி வராத வரை செய்தேன். லிவர் கல் மாதிரி நின்றது. சிந்திய ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, திருப்தியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பாடி மேம்பாலத்திலிருந்து இறங்குகிறேன். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம் கட்டியது. பிரேக் பிடித்தேன். லிவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கும், ஆட்டோவுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடமும்தான் என்னைக் காப்பாற்றின. ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். கை நடுங்கியது அடங்க நேரமானது.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தேன். காற்று மேலே போகும் குணமுடையது. நான் கீழே காலிபர் நிப்பிள் வழியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே லிவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேட்டில் ஒரு குமிழி தங்கியிருக்கிறது. முதல் நாள் திரும்பத் திரும்ப அமுக்கியதில் அது ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும். ரோட்டின் அதிர்வில் இடம் மாறியிருக்க வேண்டும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். என் கை கொடுத்த பலமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விட்டது. அந்த மேல் போல்ட்டைத் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்தி எடுத்ததும் 'புஸ்' என்று வந்தது. பிறகு மிச்சக் குமிழிகளும் மேலே ஏறட்டும் என்று லிவரை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன்.

கயிறு கட்டும்போதுதான் வியாழக்கிழமை ஹோஸ் ஞாபகம் வந்தது. அதே வேலை. அதே திரவம், அதே காற்று. அங்கே நிப்பிளைத் திறந்து காற்றுகூட எடுக்கவில்லை. கேஜைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேஜ் இருப்பது பம்ப் பக்கத்தில். கிளாம்ப் இருப்பது ஹோஸின் மறு கோடியில்.

திங்கள் காலை டீ குடிக்காமல் நேராக அந்த மெஷினுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "கிளாம்ப் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"பிடிக்குது தம்பி. கொஞ்சம் லேட்டா பிடிக்குது. நான் பட்டனை அமுக்கிட்டு ரெண்டு எண்ணிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட் பண்றேன். மறந்து போனா துளை நகர்ந்துடுது."

வெள்ளியும் சனியும் தேறாத பீஸ்களை அவர் கணக்கில் ரிஜெக்ஷன் என்று எழுதியிருந்தார்கள். கவனம் இல்லை என்று திட்டும் வாங்கியிருக்கிறார். அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை, ரெண்டு எண்ணிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். என் தப்பின் மேல் நான் உட்கார்ந்து ஓட்டியது ஒரே ஒரு காலை. அவர் இரண்டு நாள் அதன் முன்னால் நின்றிருக்கிறார்.

சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் பிளக்கைத் திறந்து காற்று எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசரிடம் போய், ரிஜெக்ஷன் என் வேலையால் வந்தது என்று சொல்லி லாக் புக்கிலும் எழுதினேன். அக்காவின் பெயரில் இருந்ததை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "விடு தம்பி, இப்ப நல்லா பிடிக்குது" என்றார். அந்த வார்த்தை எனக்கு லேசாக இல்லை.

அன்றிலிருந்து எந்த மெஷினைச் சரி செய்தாலும் முதல் பத்து பீஸ் வரும் வரை ஆபரேட்டர் பக்கத்திலேயே நிற்கிறேன். பத்து பீஸுக்கு என்ன நேரம் ஆகுமோ ஆகட்டும். ஆரம்பத்தில் இதற்காக வாக்குவாதம் நடந்தது. மெயின்டனன்ஸ் ஆள் சும்மா நிற்கிறான் என்றார்கள். நான் நின்றேன். ஃபோர்மேன் அண்ணன் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் டிபார்ட்மென்ட் பயிற்சிப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். டிப்ளமோ முடித்தவன், கை சுத்தம். பிரேக் ஆயில் மாற்றும் நாள் அது. டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். சென்னைக் காற்றுக்கு நான் இரண்டு வருடம் வரை விடுவதில்லை. முழு வேலையையும் அவனையே செய்யச் சொன்னேன். மேல் போல்ட்டை மறக்காமல் தளர்த்தினான். நான் லிவரை அமுக்கிப் பார்த்தேன், உறுதியாக இருந்தது.

"அண்ணே, ஓட்டிப் பாக்குறீங்களா?" என்று சாவியை நீட்டினான்.

"நீதானே வேலை செஞ்ச. நீ ஓட்டு."

ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முதல் கியரிலேயே தெருக்கோடி வரை போனான். போகும் வழியில் மூன்று தடவை பிரேக் பிடித்துப் பார்த்தான். திரும்பி வந்து வண்டியை நிறுத்திய பிறகும் லிவரை விடாமல், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.