மைக் வழியே கேட்ட பெலோட்டா

பிரான்சில் விளையாட்டு நேரலைகளுக்கு ஒலி அமைப்பது என் வேலை. கால்பந்தோ ரக்பியோ, கூட்டத்தின் கூச்சல் ஒழுங்காக விழுந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பாஸ்க் பெலோட்டாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையின் இருபுறமும் வாழும் பாஸ்க் மக்களின் ஆட்டம் இது, பந்தைச் சுவரில் அடித்து ஆடுவது. 2022 அக்டோபரில் பிரான்சின் தென்மேற்கே பியாரிட்ஸ் வட்டாரத்தில் உலகப் போட்டி நடந்தபோது அது நன்றாகப் புரிந்தது.

முதலில், அது ஒரே ஒரு விளையாட்டு இல்லை, பல விளையாட்டுகள். வெறுங்கையால் அடிப்பார்கள், மர மட்டையால் அடிப்பார்கள், நரம்பு கட்டிய ராக்கெட்டால் அடிப்பார்கள், வளைந்த நீளமான கூடையைக் கையில் கட்டிக்கொண்டு வீசுவார்கள். களமும் மாறும்: ஃப்ரொன்டன் எனப்படும் 30, 36, 54 மீட்டர் நீளச் சுவர்க் களங்கள், அப்புறம் நாலு பக்கமும் சுவர் எழுப்பிய டிரின்கெட். ஒரு களத்துக்குப் போட்ட மைக் திட்டம் இன்னொன்றுக்கு உதவாது.

54 மீட்டர் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சுவரில் பந்து படும் சத்தம் பின்னால் நிற்கும் கேமராவுக்கு வந்து சேர 0.16 நொடி ஆகும். நொடிக்கு 25 பிரேம் என்றால் நாலு பிரேம் தாமதம். கூடையில் வீசும் பந்து 1979இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் மணிக்கு 302 கிலோமீட்டர் வேகத்தில் போனதாகப் பதிவு இருக்கிறது. அந்த வேக ஆட்டத்தில் சத்தம் பின்தங்கினால் பார்ப்பவருக்கு ஏதோ பிசகுவது போலவே இருக்கும். அதனால் முன்சுவர் அருகே ஒரு மைக் கட்டாயம். அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓர் உலோகப் பட்டை ஓடும். பந்து அதில் பட்டால் புள்ளி போச்சு. 'டங்'கென்று அது ஒலிக்கும்போது கண்ணால் பார்த்தவர்களைவிட முந்திக்கொண்டு ஹெட்போனில் எனக்கு முடிவு தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வெறுங்கையால் அடிக்கும் ஆட்டம்தான். பந்து சுமார் நூறு கிராம். நடுவில் ரப்பர், அதன்மேல் நூல் சுற்று, வெளியே தோல். ஆட்டக்காரர்கள் உள்ளங்கையில் பிளாஸ்திரியும் பஞ்சுப் பட்டையும் ஒட்டிக்கொள்வார்கள், அப்படியும் கை வீங்கும். பந்தைத் தேர்வு செய்யும்போது தரையில் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். என் தொழில்காரர்கள் என்று அவர்களைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

உலகப் போட்டி என்றாலும் பதக்கப் பட்டியலில் திரும்பத் திரும்ப ஸ்பெயின், பிரான்ஸ், அர்ஜென்டினா, மெக்சிகோதான். கடல் தாண்டிப் போன பாஸ்க் மக்கள் கூடவே கொண்டுபோன விளையாட்டு இது. சர்வதேசக் கூட்டமைப்பு 1929இல் உருவானது. முதல் உலகப் போட்டி 1952இல் சான் செபாஸ்டியனில், அடுத்தது 1955இல் மான்டிவிடியோவில். போன இடத்தில் புது வகைகளும் முளைத்தன. ரப்பர் பந்து ஆட்டம் அர்ஜென்டினாவில் வளர்ந்தது, ராக்கெட்டில் ஆடும் ஃப்ரன்டெனிஸ் மெக்சிகோவின் பிள்ளை. மெக்சிகோக்காரர்கள் அதில் ஆடுவதைப் பார்த்தால், 'பாஸ்க்' என்ற பெயர் ஒரு மரியாதைக்குத்தான் ஒட்டியிருக்கிறதோ என்று தோன்றும்.

ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில் வைக்கும் பெஞ்ச் மைக்கில்தான் வேடிக்கை. ஸ்பெயினும் பிரான்சும் மோதும். நீலம் ஒருபுறம், சிவப்பு மறுபுறம். ஆட்டம் நின்றதும் இரண்டு பக்கத்திலிருந்தும் சிலர் பாஸ்க் மொழியிலேயே பேசுவது என் காதில் விழும். எனக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் இரண்டும் ஒரே மொழி என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் வென்றவர்களுக்குத் தேசியகீதம் ஒலிக்கும். அதையும் நான்தான் ஓடவிட வேண்டும்.

2024 கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பு பாஸ்க் சம்மேளனத்தைத் தனி உறுப்பினராக ஏற்றது. 2025இல் அது சொந்த அணியாகக் களமிறங்கியது. நியாயமான முடிவு, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சம்மேளனம் ஸ்பெயின் பக்கத்து மூன்று மாகாணங்களுக்குத்தான். பிரான்ஸ் பக்கத்துப் பையன் இன்னமும் பிரான்ஸ் சட்டையில்தான் ஆடுகிறான். பெஞ்ச் மைக்கைத் திறந்து வை என்கிறேன் நான். பந்துச் சத்தம் கெடும், மூடு என்கிறார் இயக்குநர். இந்த வாக்குவாதம் ஒவ்வொரு போட்டியிலும் நடக்கிறது, பெரும்பாலும் அவரே ஜெயிக்கிறார்.