எம்ஜிபி காருக்குள் ரோவர் வி8: பட்டறை நாட்குறிப்பு

மார்ச் 2

குரோம் பம்பர் எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய 1798 சிசி எஞ்சினும் கியர்பாக்ஸும் வெளியே வந்தாயிற்று. உள்ளே போகப்போவது ரோவர் எஸ்டி1 காரின் 3528 சிசி வி8 எஞ்சின், கூடவே எல்டி77 ஐந்து கியர் பெட்டி. எட்டு சிலிண்டர் என்றாலே முன்பக்கம் கனத்துவிடும் என்பார்கள். இதில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். பழைய இரும்பு எஞ்சினோடு ஒப்பிட்டால் எடையில் பெரிய வித்தியாசமில்லை. சிக்கல் இடத்தில்தான். 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே ஜிடி வி8 தயாரித்ததால், எது எங்கே இடிக்கும் என்பது தெரிந்த கதை.

மார்ச் 9

பெயின்ட் அடிக்கும் முன் வெறும் எஞ்சினை இறக்கி அளவு பார்த்தல். ஆயில் ஃபில்டர் இருந்த இடத்தில் இருக்க முடியாது. குழாய் போட்டுத் தள்ளி வைக்க வேண்டும். ரேடியேட்டரையும் முன்னே நகர்த்தி, அதற்கும் முன்னால் இரண்டு மின்விசிறி. கார்பரேட்டர் தலையில் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடினால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொழிற்சாலை வண்டியில் தனி மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) போட்டு கார்பரேட்டர்களைப் பின்னால் கொண்டுபோனது பானெட்டைக் காப்பாற்றத்தான்.

மார்ச் 16

எக்ஸாஸ்ட். பிளாக்கை ஒட்டி இறங்கும் குழாய்கள் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே போகின்றன. சூட்டில் அதன் மூட்டுக்கு ஆயுசு குறையும். 1993-இல் வந்த எம்ஜி ஆர்வி8 காரில் செய்ததுபோல உள் மட்கார்டில் துளையிட்டு வெளிப்பக்கமாக இறக்குவதே மேல். வெட்டிய விளிம்பைச் சும்மா விட்டால் துரு அங்கேதான் தொடங்கும். அலுமினியத்தில் இறங்கும் போல்ட் எல்லாவற்றுக்கும் மரை பிடிக்காமலிருக்கும் பசை தடவ வேண்டும். இறுகிப் பிடித்த போல்ட்டைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும்.

மார்ச் 30

ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 3.909-இலிருந்து ஜிடி வி8-இன் 3.07-க்கு. நான்காம் கியரில் மணிக்கு 70 மைல் போனால் முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 3900 சுற்று. இனி சுமார் 3070. ஸ்பீடோமீட்டரையும் திருத்தியாக வேண்டும். கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு உதவாது.

ஏப்ரல் 6

சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் பிளக் வயர்களை ஒட்டிக் கட்டினால் 5-இன் பொறி 7-க்கும் தாவும். பிரித்துக் கட்டு. எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு தடித்த எர்த் பட்டை கட்டாயம். மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் வழியே போய் அதைக் கருக்கிவிடும்.

ஏப்ரல் 13

ஆயில் பம்ப் வறண்டிருந்தால் தானாக ஆயிலை இழுக்காது. பல்சக்கரங்களைச் சுற்றி வாசலின் அடைத்து மூடி, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) துளை வழியே டிரில் விட்டு, கேஜ் முள் ஏறும்வரை சுற்ற வேண்டும். கிரீஸ் கூடாது, அது ஆயிலில் கரையாது. ஓடும்போது 2400 சுற்றில் ஆயில் அழுத்தம் 30–40 பிஎஸ்ஐ. பழைய எஞ்சினின் முள்ளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். இந்த எஞ்சினுக்கு இதுதான் சரி. கூலிங்குக்கு வெறும் தண்ணீர் வேண்டாம், அலுமினியம் உள்ளேயே அரிக்கும்.

ஏப்ரல் 20

புதிய எஞ்சின் எண், கொள்ளளவு இரண்டையும் வி5சி பதிவுச் சான்றோடு பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்காமல் சாலையில் இறக்கக் கூடாது. 40 வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி எனும் வருடாந்தர வாகனச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் அதைப் பெரிய மாற்றமாகக் கருத வாய்ப்புண்டு. விதியை வாசித்துவிட்டே படிவத்தில் கையெழுத்து.