கமரா செய்முறைப் பரீட்சைக்குத் தேயிலை மலையில் பழகுவது

ஒளிப்பதிவுப் பயிற்சிநெறி படிக்கும் தம்பி தங்கச்சிமார் பலர் செய்முறைப் பரீட்சைக்கு அறைக்குள்ளேயே பழகுகிறார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் மலைக்குப் போய்ப் பழகுங்கள். சரிவும் மூடுபனியும் கற்றுத்தருவதை ஸ்டூடியோ கற்றுத்தராது.

முதலில் முக்காலி. ஒரு காலைக் குறுக்கி மேட்டுப் பக்கமும் மற்ற இரண்டையும் நீட்டிப் பள்ளத்துப் பக்கமும் வையுங்கள். பள்ளத்தில் ஒற்றைக்கால் இருந்தால் பேன் செய்யும்போது (கமராவைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பும்போது) கமராவோடு கவிழக்கூடும். மட்டத்தை முக்காலியிலுள்ள நீர்மட்டக் குமிழியில் மட்டும் பாருங்கள். சரிவான மலையைப் பார்த்துச் சரிசெய்தால் படத்தில் லயத்துச் (தொழிலாளர் வரிசை வீட்டுச்) சுவர் சாய்ந்துவிடும்.

பேன் முடியும் திசைக்குக் கால்களை வைத்து, இடுப்பை மட்டும் திருப்பி ஆரம்பியுங்கள். முடியும்போது உடல் தளர்ந்திருக்கும், கை நடுங்காது. தொடக்கத்திலும் முடிவிலும் 5 விநாடி அசையாமல் நிறுத்துங்கள். ஒரு மரம் பிரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும். அதைவிட வேகமென்றால், விநாடிக்கு 25 பிரேமில் நிழல் மரங்களின் நேரான தண்டுகள் வெட்டிவெட்டித் தெரியும்.

ஷட்டர் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/50 விநாடி. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; 1/60 வைத்தால் ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) டியூப் லைட் துடிக்கும்.

மூடுபனியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஆட்டோவில் விட்டால் கமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கி, முகத்தை இருட்டாக்கும். மெனுவலில் ஏறத்தாழ 1 ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி) கூட்டுங்கள். முகத்துக்கு சீப்ரா (வெளிச்ச அளவைத் திரையில் கோடுகளாகக் காட்டும் வசதி) 70 என்று பாடத்தில் சொல்வது வெளுத்த தோலுக்கு. நமது மாநிறத்துக்கு 50 முதல் 60 போதும். வைட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) 5600 கெல்வினில் இருந்தால் நீலம் படியும். வெள்ளைத்தாளை முகத்தருகே பிடித்து வைட் பேலன்ஸ் எடுங்கள். செடிக்குள் பிடித்தால் இலைப்பச்சை தாளில் விழுந்து கணக்கே மாறிவிடும். பனி விலகி வெயில் வந்தால் ஐஎஸ்ஓ 100இல் எஃப் 22 (லென்ஸின் மிகச் சிறிய துளை) கேட்கும். என்டி 16 (ஒளியைப் பதினாறில் ஒன்றாகக் குறைக்கும் ஃபில்டர்) போட்டு எஃப் 5.6இல் நில்லுங்கள்.

குளிரிலிருந்து நேரே கொழுந்து வாட்டும் மாடிக்குப் போனால் லென்ஸில் நீர் பூக்கும். கமராவைப் பையில் மூடியபடி அரைமணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறவுங்கள். உதிரி பற்றரி சட்டைப்பைக்குள் சூடாக இருக்கட்டும்.

காட்சித்தொடர் பழகக் கொழுந்து பறித்தலை விட நல்லது இல்லை. நிரை முழுவதும், ஒருவரின் இடுப்புவரை, இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும் விரல்கள், முகம், தோளுக்கு மேலாகக் கொழுந்து போய் விழும் இடம் என்று 5 ஷாட். எல்லாவற்றையும் நிரையின் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். நிரையைக் கடந்து மறுபக்கம் போனால், இடதுபுறம் நகர்ந்தவர் அடுத்த ஷாட்டில் வலதுபுறம் போவார்.

முன்கூட்டியே கங்காணியிடமும் அந்த அக்காமாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். "இன்னொருக்கா செய்யுங்க அக்கா" என்று நிறுத்திவைக்காதீர்கள், அவர்களுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. அந்தக் கை அதே அசைவை நாளெல்லாம் செய்யும். நகர வேண்டியது உங்கள் முக்காலி.