எவ்விடத்தில விட்டது?

ஓ.எல். சோதினையில கணக்குக்கு டபிள்யூ, அதாவது பெயில், வந்த பிள்ளைக்கு எங்கட பக்கம் என்ன பேர் வைப்பினம் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே, "அவளுக்குக் கணக்கு ஓடாது". திரும்ப எடுத்து எஸ் வந்து பாஸ் பண்ணினாலும் அந்தப் பேர் போகாது. சண்டையால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில இருந்து வந்து, கூரை பாதி இல்லாத பள்ளிக்கூடத்தில, கொப்பி ஒழுங்கா இல்லாமல் இருந்து எழுதின சோதினை எண்டதை ஆரும் யோசிக்கிறேல்லை. தோத்தது பாடமில்லை ஆள்தான் எண்டு நானும் கனகாலம் நம்பிக்கொண்டு இருந்தனான். கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போனதுக்குப் பிறகுதான் அந்த நினைப்பு மெல்ல மெல்ல மாறினது.

முகமாலை தெரியாத ஆக்கள் இருக்கமாட்டினம், பளையைத் தாண்டி ஏ9 ரோட்டில வாற இடம், ஆமியும் புலிகள் இயக்கமும் வருசக்கணக்கா எதிரெதிரா நிண்ட முன்னரங்கு. மண்ணுக்குள்ள பாகிஸ்தான்ர பி4, சீனாவின்ர 72, இயக்கம் செய்த ஜொனி எண்டு எல்லாக் கண்ணிவெடியும் கலந்து கிடக்கும். பி4 பிளாஸ்டிக், உலோகம் கொஞ்சம்தான், ஜொனியின்ர மரப்பெட்டி உக்கிப்போயிருக்கும். அதைவிட ஷெல் துண்டும் சன்னக் கோதும் அவ்வளவு கிடக்கிறதால டிடெக்டர் கத்திக்கொண்டே இருக்கும், அதாலதான் கன இடத்தில றேக்கால மண்ணை வறுகி வறுகிப் பாக்கிறது. தலைக்கு வைசர், உடம்புக்கு பாரமான அங்கி, ஆடி மாசத்து வெயில். இதை வெளியில இருந்து பாக்கிற ஆக்கள் தைரியம் தைரியம் எண்டு சொல்லுவினம். எனக்கெண்டா இது பொறுமைக்கான வேலை, தைரியம் கூடின ஆக்களைப் பாத்தாத்தான் சுப்பவைசருக்குப் பயம்.

பயிற்சி முடியேக்க ஒரு ரெஸ்ட் இருக்கு. லேன் எண்டு சொல்லுற, தடி வைச்சு எல்லை போட்ட ஒரு மீற்றர் அகலத் துண்டுக்குள்ள வெடிக்காத டம்மியள் தாட்டிருப்பினம், எத்தினை எண்டு சொல்லமாட்டினம், ஒண்டு விட்டாலும் பெயில். நான் பெயில்.

நான் அழுற முகத்தோட நிக்க, பயிற்சி தந்த சேர் வந்து "பிள்ளை, எவ்விடத்தில விட்டது, வாங்கோ பாப்பம்" எண்டு திரும்ப லேனுக்குள்ள கூட்டிக்கொண்டு போனவர். டம்மி சரியா ஓரத்தில, எல்லைத் தடியோட ஒட்டிக் கிடந்தது. திருப்பி என்னை முழங்கால்ல இருத்தி டிடெக்டரை வீசச் சொல்லி, தானும் பக்கத்தில குந்தியிருந்து பாத்தவர். கொஞ்சநேரத்தால சொன்னார், முழங்காலை மாத்தி வைக்கிற நேரத்தில என்ர கை உள்பக்கமா வந்திடுதாம், டிடெக்டரின்ர தலை எல்லைத் தடிக்கு அங்கால போகுதில்லையாம். எனக்கே தெரியாத விசயம். அதுக்குப் பிறகு முழங்கால் மாத்தினா, மாத்த முதல் பாத்த இடத்தில இருந்து திரும்பத் தொடங்கிறது எண்டு பழகி, அடுத்த பட்ச்சோட பாஸ் பண்ணினனான். ஓரத்தை இப்பவும் ரெண்டுதரம் பாப்பன், வீடு கூட்டேக்கயும் அந்தப் பழக்கம் வருது, பிள்ளையள் சிரிப்பினம்.

ஃபீல்டிலயும் அப்பிடித்தான். துப்பரவாக்கின துண்டை, கண்ணிவெடி வேலையளைப் பாக்கிற கிளிநொச்சிப் பிராந்திய அலுவலகத்தில இருந்து வந்து அங்கங்க எடுத்துச் சோதிப்பினம், ஏதும் கிடந்தா அந்தத் துண்டைத் திரும்பச் செய்யோணும். எந்த லேன் ஆர் செய்தது எண்டு பதிவில இருக்கும், ஒளிக்க ஏலாது. ஆனா முதல்ல பாக்கிறது மண் ஈரமா இருந்ததோ, வேர் மறிச்சதோ, றேக் ஆழம் காணாதோ எண்டுதான். அதுக்காக எல்லாரும் தங்கமான ஆக்கள் எண்டு சொல்ல வரேல்லை, பின்னேரம் வாகனத்துக்குள்ள ஏறினாப் பிறகு வாய் சும்மா இருக்காது. எண்டாலும் காலமை ஒரு அக்கா வந்து "இண்டைக்கு மனம் ஒரு நிலையில இல்லை" எண்டு சொன்னா அவவை லேனுக்குள்ள விடமாட்டினம், வேற வேலை குடுப்பினம், ஆரும் ஏன் எண்டு கேக்கிறதும் இல்லை.

இடையில கொஞ்சக்காலம் ஒரு நுண்கடன் குடுக்கிற இடத்தில வேலை செய்தனான். அங்க கிழமைக்குக் கிழமை குழுவாக் கட்டோணும், ஒரு ஆள் கட்டாட்டி மற்றப் பொம்பிளையள்தான் பொறுப்பு. கட்டாட்டி ஏன் கட்டேல்லை, மழையில பயிர் போச்சோ, மாடு செத்ததோ எண்ட கேள்வியே இல்லை, ஆரால எண்ட கேள்விதான். அதால கட்ட ஏலாத ஆள் கடைசிவரைக்கும் சொல்லாது, இன்னொரு இடத்தில கடன் வாங்கி இஞ்ச கட்டும். எனக்கு அந்த வேலை ஒத்துவரேல்லை, திரும்ப மண்ணுக்கே வந்திட்டன்.

இப்ப நானும் புதுப் பிள்ளையளுக்குப் பயிற்சி குடுக்கிறன். சிலபேர் சொல்லுவினம், கஷ்டப்பட்ட குடும்பம், புருசன் இல்லை, சம்பளம் வேணும், சின்னப் பிழைதானே பாஸ் போடுங்கோ எண்டு. போடமாட்டன். பெயில் போட்டிட்டு அண்டைக்குப் பின்னேரமே பக்கத்தில குந்துவன். தோல்விதான் வெற்றிக்கு முதல்படி எண்டு பள்ளிக்கூடச் சுவரில எழுதுறது எனக்குப் பிடிக்காது, எல்லாப் படியும் மேல போறதில்லை. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இருந்து பாத்தும் சரிவரேல்லை, குனிஞ்சு கனநேரம் பாத்தா அவவுக்குத் தலை சுத்தும். இது உமக்கு வேண்டாம் எண்டு நேரடியாவே சொன்னனான், கோவிச்சுக்கொண்டு போனவ. பிறகு முதலுதவி படிச்சு வந்து இப்ப எங்கட செக்சனுக்கு மெடிக், காயப்பட்ட ஆளைத் தூக்குற பயிற்சியில அவவை அடிக்க ஆளில்லை.

2017 கடைசியில இலங்கை கண்ணிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, 2028க்குள்ள முடிக்கோணும் எண்டு கணக்கு. முடிஞ்சா நல்லதுதான், ஆனா இவ்வளவு பேரும் எங்க போறது எண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில கதை வரும். ஆடு வளக்கிறது, தையல் எண்டு ஆளுக்கொரு யோசனை. நான் ஒரு கொப்பி வைச்சிருக்கிறன், ஒவ்வொரு பிள்ளையும் ரெஸ்டில எவ்விடத்தில விட்டது, பிறகு என்னத்தை மாத்தினது எண்டு எழுதி. வேலை முடிஞ்சு போகேக்க அவையவையின்ர பக்கத்தைக் கிழிச்சுக் குடுப்பம் எண்டு யோசனை. கூட வேலை செய்யிற ஆக்கள் நக்கலடிக்கினம், பெயில் விட்ட பேப்பரை ஆர் கொண்டுபோய் வேலை கேக்கிறது எண்டு. பிள்ளையளிட்டக் கேட்டுப் பாத்தனான். கனபேர் சிரிச்சவை, ரெண்டு மூண்டு பேர் மட்டும் எங்கடதைத் தாங்கோ அக்கா எண்டவை.