எல்லாவற்றுக்கும் சூடுதானா?

எங்கள் குடமுருட்டிக் கரை ஊர்களில் கர்ப்பிணிக்கு எது வந்தாலும் காரணம் ஒன்றுதான்: சூடு. ஆறாம் மாதத்தில் எனக்கு வெள்ளைப்படுதலும் பிறப்புறுப்பில் அரிப்பும் தொடங்கியதும் மாமியார் இளநீர் வெட்டச் சொன்னார். வீட்டுப் பேச்சு, போகட்டும். சுகாதார நிலையத்திலும் அதையே சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.

சீட்டு, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. அடுத்து, வரிசையில் நிற்கும்போதே செவிலியர், "உனக்கு என்னம்மா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பின்னால் மருமகளுக்குத் துணையாக வந்த ஒரு பெரியவர் நிற்கிறார். "வெள்ளைப்படுகிறது" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. "மாசமாக இருந்தால் படத்தான் செய்யும், மோர் குடி" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடும். நீர்த்து, பால் நிறத்தில், கெட்ட வாடையில்லாமல் இருந்தால் பயமில்லை. எனக்கோ திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக வந்தது. சிறுநீர் கழித்தால் எரிச்சல் வேறு.

மருந்துக்கடைக்காரர் இன்னும் மோசம். "ஒரே மாத்திரை, விழுங்கினால் போதும்" என்று ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை நீட்டினார். கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். என் வயிறு அவர் கண்ணில் படவில்லை போலும். வாங்காமல் வந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கப் போனால், பலகையில் போட்டிருந்த நேரத்துக்கு அவர் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் காசாவது மிஞ்சியது. மறுபடி போனபோது திரையை இழுத்துவிட்டு நிறம், வாடை, அரிப்பு என ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்தார். பூஞ்சைத் தொற்று. 7 இரவு க்ளோட்ரிமசோல் மாத்திரையை உள்ளே வைக்கச் சொன்னார். சர்க்கரை கூடினாலும் இது வரும் என்பதால் குளுக்கோஸ் பரிசோதனையும் நடந்தது, சர்க்கரை இல்லை.

சாம்பல் கலந்த வெள்ளையாக நீர்த்து மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியா வகை. அரிப்பே இல்லாமலும் இருக்கலாம். குறைமாதப் பிரசவத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால் மோரை நம்பி உட்காராதீர்கள். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற, உடலுறவில் பரவும் தொற்றாக இருக்கலாம்; அது உறுதியானால் கணவருக்கும் மருந்து தேவை.

கூடத்தில் சொல்லக் கூச்சமா? நிறம், வாடை, அரிப்பு, எரிச்சல் நான்கையும் ஒரு தாளில் எழுதி நேரே மருத்துவர் கையில் கொடுங்கள். கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவாதீர்கள். தண்ணீராகக் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ தாள் எழுதவும் நேரமில்லை, 108-ஐ அழைத்துவிடுங்கள்.