இடது காலா, வலது காலா

பழைய வண்டி கட்டுகிறவன் என்று தெரிந்தால் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். புல்லட் எஞ்சினைப் பிரித்து மாட்டுவது எனக்குப் பெரிய வேலையில்லை. என் நாட்களைத் தின்பது புஷ், ஸ்பேசர், வாஷர். எந்தக் கம்பெனியும் செய்யாத, எந்தக் கடையிலும் பேர் சொல்லிக் கேட்க முடியாத சாமான்கள். இரண்டு கம்பெனி பாகங்களைச் சேர்க்கும்போது நடுவில் இரண்டு மில்லி, மூன்று மில்லி இடம் விழும். அந்த இடம்தான் என் தொழில்.

என் பட்டறை சேலம் செவ்வாய்ப்பேட்டையில். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டக்காரர் வந்தார். அப்பா ஓட்டிய 1972 புல்லட் 350-யின் எஞ்சினும் சேசிஸும் கொட்டகையில் கிடந்தன. முன்சக்கரமும் டேங்கும் எப்போதோ கைமாறிப் போயிருந்தன. கூடவே ஒரு சாக்கு மூட்டை கொண்டுவந்தார். அதில் ஒரு ஜாவா டேங்க், ஒரு ராஜ்தூத் 350 முன் ஹப்பு, அதாவது முன்சக்கரத்தின் நடுவில் பிரேக்கோடு இருக்கும் குடம். "இதையெல்லாம் வச்சு ஒரு வண்டி ஆக்கிக் குடு தம்பி" என்றார்.

திருவொற்றியூர் புல்லட்டுக்கு மைசூர் ஜாவாவின் டேங்க், எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத்தின் பிரேக். இங்கிலாந்தில் 50, 60-களில் நார்ட்டன் சேசிஸில் ட்ரையம்ஃப் எஞ்சினை ஏற்றி 'ட்ரைட்டன்' என்று ஓட்டினார்கள். அவர்கள் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தார்கள். நாம் கிடைத்ததைச் சேர்க்கிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதியும், அசல் உருவம் மாறாத வண்டிக்குத்தான். "ரோட்டுக்கு எதுக்கு? தோட்டத்துக்குள்ள ஓட்டிக்கிறேன்" என்றார். சரி என்று ஆரம்பித்தேன்.

இந்த வேலையில் முதல் எதிரி மரை. பழைய புல்லட் பிரிட்டிஷ் வழி வந்தது, ஜாவாவும் யமஹா வழி வந்த ராஜ்தூத் 350-யும் மெட்ரிக். பிரிட்டிஷ் மரை அளவான விட்வொர்த்தில் 5/16 இஞ்ச் போல்ட் 7.94 மில்லி, மெட்ரிக்கில் எம்-8 போல்ட் 8 மில்லி. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். விட்வொர்த்தில் இஞ்சுக்கு 18 மரை, எம்-8-இல் இருபதுக்குக் கொஞ்சம் மேல். மரையின் கோணமும் வேறு, 55 டிகிரியும் 60 டிகிரியும். இரண்டு சுற்று சமர்த்தாக இறங்கும், மூன்றாவதில் இறுகும். தொழில் பழகிய நாட்களில், இறுகுவது நல்லதுதானே என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அலுமினிய வார்ப்பின் மரை பூராவும் சுருள் சுருளாகப் போல்ட்டோடு வெளியே வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. அந்தச் சுருளை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இன்றைக்கும் புது போல்ட்டை முதலில் விரலால்தான் சுற்றிப் பார்க்கிறேன்.

ராஜ்தூத் ஹப்பு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் புல்லட் ஃபோர்க்கில் உட்காரவில்லை. பேரிங்கின் துளை ஒரு அளவு, ஃபோர்க் பிடிக்கும் இடம் இன்னொரு அளவு. அடுத்த தெரு லேத்துக்காரர் அண்ணனிடம் போய் இஎன்-24 உருக்கில் படி வைத்து ஒரு அச்சு கடைந்தோம். நடுவில் ஹப்புக்கு ஏற்றபடி, முனைகளில் ஃபோர்க்குக்கு ஏற்றபடி. இரண்டு பக்கமும் ஸ்பேசர். சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பின்சக்கரத்திலிருந்து நூல் பிடித்துப் பார்த்தால் இரண்டு மில்லி இடப்பக்கம். கழற்றிக் கொண்டு ஓடினேன். ஒருநாளில் நாலு தடவை அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறேன். நாலாவது தடவை அண்ணன், "பேசாம லேத்தை உன் பட்டறைக்கே தூக்கிட்டுப் போயிடு" என்றார்.

பிரேக் தட்டு சக்கரத்தோடு சுற்றாமல் இருக்க ஒரு பட்டைக் கம்பியை ஃபோர்க்கோடு கட்டவேண்டும். அது விட்டுப்போனால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவான். அதற்கு மட்டும் இரண்டு நாள். டேங்கின் அடிக்குழிவை வெட்டி அகலமாக்கினோம். தண்ணீரில் பலமுறை அலசி, தண்ணீரை நிரப்பி வைத்துத்தான் வெல்டிங். பெட்ரோல் தீர்ந்த டேங்கிலும் அதன் ஆவி இருக்கும்.

சின்ன யானையில் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனோம். சேலத்தில் அழகாக ஓடியது ஏற்காட்டில் இருமியது. அங்கே 1,500 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் பெட்ரோல் கூடிப்போகும். பிளக்கைக் கழற்றினால் கரி. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றினேன். மின்னோட்டம் காட்டும் ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அழுத்தி, எஞ்சினின் அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்து மெதுவாகத் தாண்டவிட்டு, ஒரே உதை. பிடித்துக்கொண்டது.

தோட்டத்து மண் பாதையில் நானே ஏற்றினேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். முன்பிரேக்கை முழுசாகப் பிடித்திருந்தும் வண்டி பின்னால் உருண்டது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக்கில் மோதி நின்றோம்.

பிரேக் பிடித்தால் டிரம்முக்குள் இருந்து அதை அழுத்துவது இரண்டு ஷூ. அந்த ராஜ்தூத் பிரேக்கில் இரண்டுமே லீடிங். கதவுக்கு அடியில் வைக்கிற ஆப்பு மாதிரி. ஒரு பக்கம் தள்ளினால் கதவு ஆப்பை இன்னும் இறுக்கும், மறுபக்கம் இழுத்தால் ஆப்பு தளர்ந்துவிடும். முன்னால் போகும்போது டிரம்மே இரண்டு ஷூவையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பின்னால் உருளும்போது இரண்டையும் தள்ளிவிடும். பழைய புல்லட் பிரேக்கில் எந்தப் பக்கம் உருண்டாலும் ஒரு ஷூவாவது கவ்வும். சரி, பின்பிரேக் என்ன ஆயிற்று? பழைய புல்லட்டில் அது இடது காலில், கியர் வலது காலில். நான் தினமும் ஓட்டுவது புது வண்டி. பழக்கத்தில் பிரேக் காலையே தரையில் ஊன்றிவிட்டேன். வண்டியின் எல்லா அளவையும் வெர்னியர் வைத்துப் பார்த்தவன், ஓட்டுகிறவனின் காலைப் பார்க்கவில்லை.

"முன் ஹப்பை மாத்திடலாங்க, பழைய புல்லட் ஹப்பே தேடித் தர்றேன்" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை வாங்கினார். அதே ஏற்றம், அதே இடம். வலது கால் மண்ணில், இடது கால் பிரேக்கில். வண்டி அசையவில்லை. பாதி மேட்டில் நின்றபடியே டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆம்பியர் முள்ளு மட்டும் தலைகீழா ஆடுது!"

அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தேன். டூல் பையை எடுக்கச் சின்ன யானைக்கு நடந்தேன்.